உணரியும் கொழுப்புத் துணுக்கும்

முன்பொரு சமயம், இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றின் சுவருக்குள் விழுங்கி என்றொரு செல் இருந்தது. அங்கே ஒதுங்கிக் கிடக்கும் கொழுப்பையெல்லாம் வாரி விழுங்கிச் சுத்தம் செய்வது அதன் வேலை.

அதன் நடுவறையில், மரபணுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தது உணரி என்றொரு புரதம். கொழுப்பு மிஞ்சிப் போனால் அதை வெளியேற்றக் கதவுகள் கட்டும்படி உத்தரவிட வேண்டியது உணரிதான். ஆனால் அதன் முதுகில் அடக்கி என்றொரு காவலாளி ஏறி அமர்ந்திருந்தது. சாவி வராமல் அது உணரியை அசையவிடாது. எந்தச் சாவி, எங்கிருந்து வரும் என்பது இரண்டுக்குமே தெரியாது.

விழுங்கி தின்றுகொண்டே இருந்தது. வயிறு உப்பி, உடம்பெல்லாம் நுரை நுரையாகப் பொங்கிவிட்டது.

"உணரி, மூச்சு முட்டுதப்பா! நான் வெடிச்சா இந்தக் குழாயே அடைச்சுக்கும். அப்புறம் இருதயம் என்ன கதியாகும்?"

உணரி பதறியது. "அடக்கி, கொஞ்சம் இறங்கேன். அது கத்தறது கேட்கலையா?"

"கேட்குது. சாவி எங்கே?"

அந்த நேரம் பார்த்து ஒரு கொழுப்புத் துணுக்கு உள்ளே தள்ளாடி வந்தது. நெரிசலில் அடிபட்டு அதன் ஓரம் கொஞ்சம் உருமாறியிருந்தது.

"போ வெளியே! எங்க உயிரை எடுக்கறதே நீங்கதானே?" என்று சீறியது உணரி.

"இங்கே அடைஞ்சு கிடக்க எங்களுக்கு மட்டும் ஆசையா? வழி இருந்தா போயிட மாட்டோமா?"

சொன்ன துணுக்கு, நிற்கத் தெம்பில்லாமல் உணரியின் மடியில் சரிந்தது. உருமாறிய அந்த ஓரம் மடியின் குழியில் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. உணரி சிலிர்த்து நிமிர்ந்தது. அடக்கி பிடி நழுவித் தொப்பென்று கீழே விழுந்தது.

"அட, இதுதான் சாவியா!"

உணரி உத்தரவிட்டது. விழுங்கியின் மேலுறையில் கதவுகள் முளைத்தன. ரத்தத்தில் வந்து நின்ற படகுகள் கொழுப்பை ஏற்றிக்கொண்டு ஈரல் பக்கம் கிளம்பின. ஈரல் அதைப் பித்தநீரோடு வெளியே அனுப்பிவிடும். விழுங்கியின் வயிறு மெல்ல மெல்ல வற்றியது. "அப்பாடா!" என்று அது விட்ட மூச்சு நடுவறைவரை கேட்டது.

உணரி குனிந்து பார்த்தது. "உன் ஆளுங்க எல்லாம் போறாங்களே, நீ போகலையா?"

"நான் எழுந்தா கதவு சாத்திக்குமே. எல்லாரும் ஏறட்டும்."

உணரி, துணுக்கு சரிந்துவிடாதபடி மெல்ல அணைத்துப் பிடித்துக்கொண்டது.