கட்டங்களை வாசித்த அமாவாசை

"எல்லாம் கட்டம் கட்டமாப் போச்சு, தாயே," என்றார் ஏகாம்பரம்.

மரகதத்தம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எது, அண்ணே?"

"பெரியவர் பேசினது. அத்தனையும்."

கீரைக்கட்டு கையிலேயே நின்றது.

பச்சைமலை அடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு மரகதத்தம்மாள்தான் தலைவி. ஏகாம்பரம் அவருக்கு மூத்தவர். வயதிலும், மடத்துக்கு வந்து சேர்ந்த வரிசையிலும். மடத்தை நிறுவிய பெரியவர் கண்ணை மூடும்போது இளையவரைக் கைகாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஏகாம்பரம் அவரைத் தாயே என்கிறார். அவர் இவரை இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்.

"கம்ப்யூட்டரை என்ன பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலை. அதுதான் கேட்டுச்சு."

"என்னன்னு?"

"புதுசுக்கு மாறலாமான்னு. பல மாசமா, தொறந்தா இதே கேள்வி. கடைசியில ஆகட்டும்னுட்டேன்."

அந்த மடத்தில் மறுப்புச் சொல் கிடையாது. வாசலில் வந்து யார் எது கேட்டாலும் 'ஆகட்டும்' என்பது பெரியவர் வைத்த ஒரே விதி. சோறு கேட்டாலும் சரி, படுக்க இடம் கேட்டாலும் சரி. ஏகாம்பரம் அந்த விதியில் ஊறிப்போனவர்.

நிபந்தனைகளுக்குச் சம்மதமா என்று இயந்திரம் கேட்டது. ஆம். நீங்கள் இருக்கும் ஊரைத் தெரிந்துகொள்ளலாமா? ஆம். உங்கள் பழக்கவழக்கங்களை எங்களுக்குச் சொல்லலாமா? அவருக்குப் பெரிதாகப் பழக்கவழக்கம் எதுவும் இல்லை; ஆனாலும் ஆம். இடம் போதவில்லை, பழைய அமைப்பை நிரந்தரமாக அழித்துவிடலாமா என்று கேட்டது.

அதற்கும் ஆகட்டும் என்றுதான் சொன்னார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா பளபளன்னு இருக்கு. மூலையில மழை வரும்னு போட்டிருக்கு. எந்த ஊருக்குன்னு தெரியலை. நம்ம ஊர்ல வெயில் கொளுத்துது. காலையில தொறந்தா 'வணக்கம்'ங்குது, அப்புறம் நீங்க யாருன்னு கேக்குது."

"பெரியவர் பேச்சு?"

"தொறக்குது. தொறந்தா ஒரே கட்டம், கொக்கி, தலையில கொம்பு வச்ச இங்கிலீஷ் எழுத்து. எங்கயாவது ஒரு கால்புள்ளி மட்டும் தமிழ்ல இருக்கிற மாதிரி தெரியுது. கால்புள்ளிக்கு ஏது தாயே மொழி."

மரகதத்தம்மாள் சிரிக்கவில்லை.

பெரியவர் பேசியதை ஏகாம்பரம் ஒலிநாடாவில் பிடிப்பார். ராப்பகலாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வார். அடித்து முடித்ததும் அதே நாடாவில் அடுத்த பேச்சு ஏறும்; புதிது வாங்குவதைப் பெரியவர் ஒப்பமாட்டார். புத்தகமும் போடக்கூடாது என்றிருந்தார். புத்தகமானால் அலமாரிக்குப் போய்விடும் என்பது அவர் எண்ணம். அமாவாசைக்கு ஒரு பக்கம் அச்செடுத்துக் கூட்டத்தில் வாசிப்பார்கள். வாசித்த தாள் அன்றைக்கே சமையல்கட்டு அடுப்புக்குப் போகும்.

ஆக, பெரியவரின் பேச்சு உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அந்த இடத்தைத்தான் ஏகாம்பரம் புதுப்பித்திருந்தார்.

"துறையூர்ல காட்டினீங்களா?"

"கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற அல்போன்ஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். இது எந்தக் காலத்து எழுத்துருன்னு கேட்டான். திருச்சியில ஒருத்தர் சொந்தமாச் செஞ்சு வித்தது தம்பின்னேன். அவரைக் கூப்பிடுங்கன்னான். அவர் செத்து ரொம்ப நாளாச்சு, அந்த இடத்துல இப்ப பிரியாணிக்கடைன்னேன்."

"அப்புறம்?"

"அவர் எந்த எழுத்தை எந்த இடத்துல ஒளிச்சு வச்சார்னு அவருக்குத்தான் தெரியுமாம். மாத்திக் கொடுக்கிற மென்பொருள் நாலஞ்சு இருக்குன்னு எல்லாத்துலயும் போட்டுப் பார்த்தான். கட்டம் வேற கட்டமா மாறுச்சு. பழசுக்கே திரும்பிடலாமேன்னு கேட்டேன். 'பழசை அழிக்கச் சொல்லி நீங்கதானே சொல்லியிருக்கீங்க, ஐயா'ன்னான். அதோட விடலை. 'யாராவது ஏதாவது கேட்டா வேண்டாம்னு சொல்லவும் பழகிக்கங்க'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆகட்டும்னேன்."

மரகதத்தம்மாள் கீரையை ஒதுக்கி வைத்தார். வெளியே வேப்பமரத்தில் காகம் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"நாளைக்கு அமாவாசை," என்றார் ஏகாம்பரம். "வாசிக்க என்ன கொடுக்கட்டும்?"

"இருக்கிறதைக் கொடுங்க."

"இருக்கிறது கட்டம்தான்."

"அதைக் கொடுங்க."

"அச்செடுக்கவும் முடியாது. பிரிண்டர் பக்கத்துலதான் இருக்கு, வயரும் சொருகியிருக்கு. அப்படி ஒண்ணு இங்க இல்லவே இல்லைன்னு கம்ப்யூட்டர் சாதிக்குது."

"கையால எழுதுங்க, அண்ணே."

ஏகாம்பரம் அன்று பகல் முழுவதும் எழுதினார். திரையைப் பார்ப்பார், ஒரு கட்டம் போடுவார். கொக்கி என்றால் கொக்கி. கொம்புக்குக் கொம்பு. வரி தவறாமல், இடைவெளி தவறாமல். ஓரிடத்தில் கட்டம் ஒன்று விட்டுப்போனது தெரிந்து, அடித்துவிட்டு அந்த வரியை முதலிலிருந்து எழுதினார்.

எழுத எழுத ஏதாவது பிடிபடும் என்று ஓர் ஆசை இருந்தது. கை வலிதான் மிச்சம்.

மறுநாள் காலையில் கூட்டம் வழக்கம்போல் வந்தது. பாயில் இடம் பிடிக்க வழக்கம்போல் சின்னச் சச்சரவு. மரகதத்தம்மாள் தாளோடு வந்து நின்றார். ஏகாம்பரம் கடைசித் தூணோரம் உட்கார்ந்தார்.

மரகதத்தம்மாள் சமாளித்துவிடுவார் என்றுதான் அவர் நினைத்தார். பெரியவர் சொன்னது போலவே நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுவார்.

மரகதத்தம்மாள் சொல்லவில்லை.

தாளைப் பார்த்தார். கண் முதல் வரியில் தொடங்கி மெதுவாக நகர்ந்தது. வரி முடிந்து அடுத்த வரிக்கு இறங்கியது. உதடு அசையவில்லை. மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. தாய் அதன் முதுகில் தட்டினாள். மரகதத்தம்மாள் பக்கம் முடியும்வரை அப்படியே நின்றார். பிறகு தாளை மடித்தார்.

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. எழுந்தது. சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்தது.

விதைக்கடை துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏகாம்பரத்தின் பக்கத்தில் வந்தார்.

"இன்னைக்கு ஆழமா இருந்துச்சு, என்ன?"

"அப்படி என்ன காதுல விழுந்துச்சு, துரை?"

"அதான், எப்பவும் சொல்றதுதானே. இன்னைக்குச் சீக்கிரமாவும் முடிஞ்சுபோச்சு."

பின்னால் வந்த அம்மாள் ஒருத்தி குறுக்கே புகுந்தாள். "போன அமாவாசைக்கும் இதையேதானே வாசிச்சாங்க? பாத்து மாத்திக் கொடுங்க, ஐயா."

ஏகாம்பரம் சாப்பிடவில்லை.

பந்தி முடிந்து, வந்தவர்கள் பேருந்தைப் பிடிக்கப் போனபிறகு, கிணற்றடியில் மரகதத்தம்மாள் தன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் அவர் முன்னால் போய் நின்றார்.

"ஒருத்தர்கூட கேக்கலை, தாயே. ஒருத்தர்கூட."

"என்ன கேப்பாங்கன்னு நினைச்சீங்க?"

"என்ன ஆச்சுன்னு. யார் பண்ணினதுன்னு. கோவிச்சுக்கிட்டு எழுந்து போவாங்கன்னு பார்த்தேன். என்னைப் போட்டு அடிச்சிருந்தாக்கூட..."

"அடிச்சிருந்தா?"

"கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்."

மரகதத்தம்மாள் தட்டைக் கவிழ்த்து வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"நான் ஏன் அவ்வளவு நேரம் நின்னேன், தெரியுமா?"

"அவங்களுக்குப் புரிய வைக்க."

"இல்லை, அண்ணே."

ஏகாம்பரம் காத்திருந்தார். ஏதோ ஒன்று வரப்போகிறது என்று தோன்றியது. பெரியவரிடம் கேள்வி கேட்டுவிட்டு நிற்கும்போது தோன்றுமே, அது.

"தாளைப் பார்த்தா முதல் வரியாவது ஞாபகம் வந்துரும்னு நினைச்சேன்," என்றார் மரகதத்தம்மாள். "அடுத்த வரியில வரும், அடுத்த வரியில வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அத்தனை வருஷம் அவர் காலடியில உட்கார்ந்தவ நான். ஒரு வரி வரலை. அதுக்குள்ள பக்கம் முடிஞ்சுபோச்சு."

கவிழ்த்து வைத்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவினார்.

ஆறுதல் வாங்கிக்கொண்டு போக வந்தவர் ஏகாம்பரம்.

"இனிமே என்ன பண்றது, தாயே?"

மரகதத்தம்மாள் கிணற்றடியின் ஈரக் கல்லில் உட்கார்ந்தார். பக்கத்தில் தேங்கியிருந்த தண்ணீரைக் கையால் தள்ளி இடத்தைத் துடைத்தார்.

"நீங்க ஒரு வரி சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்லை."

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். தட்டச்சு செய்த விரல்கள் அசைந்தன. வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கும் வரலை, தாயே."

"தெரியும். உட்காருங்க."