பாறைக்கு அந்தப் பக்கம்

"இப்ப வர்ற தட்டு எதுவுமே பறக்க மாட்டேங்குது, டீச்சர்" என்றார் லூர்துசாமி.

குரு கூடையின் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

லூர்துசாமிக்கு வயது அறுபத்தொன்று. மின்வாரியத்தில் கம்பம் ஏறியே காலத்தை ஓட்டியவர். குரு தமயந்திக்கு முப்பத்து நான்கு. மகளைவிடச் சின்னவளிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று அவர் ஆறு மாதம் யோசித்தார். ஏழாவது மாதம் வந்து நின்றுவிட்டார்.

ஏற்காட்டில் ஒரு பழைய காபித் தோட்டத்துச் சரிவில் ஒன்பது இரும்புக் கூடைகள் உண்டு. இடுப்புயரக் கம்பத்தில் கூடை, அதற்கு மேலே சங்கிலி வளையம். ஒவ்வொரு கூடைக்கும் உரிய மேட்டில் நின்று, தூரத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும், கூடைக்குள் போய் விழும்வரை. குறைந்த எறியில் முடிக்கிறவர் கெட்டிக்காரர். வெளியூர்க்காரர்கள் இதை டிஸ்க் கோல்ஃப் என்பார்கள். இங்கே தட்டு எறிகிறது என்றால் போதும், எல்லோருக்கும் புரியும்.

எறி கெட்டுப்போனவர்கள் தமயந்தியிடம் வருவார்கள். அவர் பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. வந்தவர்கள் என்னவோ சரியாகித்தான் திரும்பினார்கள்.

லூர்துசாமி பையைக் கவிழ்த்தார். பதினொரு தட்டுகள் புல்லில் விழுந்தன. எல்லாம் ஆரஞ்சு நிறம்.

"பதினொன்னும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு. ஒன்னுகூட அது மாதிரி இல்ல."

"எது மாதிரி?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் ஒன்பது வருடமாகக் காத்திருந்தார்.

"என் பழைய தட்டு டீச்சர். மரத்துல மோதி மோதி விளிம்பெல்லாம் கடிச்ச நகம் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வெயில்ல வெளுத்துப் போச்சு. எந்த விரல் எங்க இருக்கணும்னு அதுவே சொல்லும். இதுங்களைப் பாருங்க, சோப்பு டப்பா மூடி மாதிரி வழுக்குது."

"எப்படிப் பறக்கும்?"

லூர்துசாமி எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயமில்லை அது.

"ஏழாவது மேட்டுல நின்னு விடுவேன். நேராப் போகும். சில்வர் ஓக் மரத்தைத் தாண்டினதும் வலப்பக்கம் சாயும். போச்சு, பள்ளத்துக்குத்தான்னு நெனப்போம். அங்கயே நிக்கும், யோசிக்கிற மாதிரி. அப்புறம் மனசு மாறி இடப்பக்கம் திரும்பும். அவசரமே இல்லாம எறங்கும். கூடைக்கு மூணு அடியில வந்து உக்காரும்."

அவர் கையும் காற்றில் அப்படியே வளைந்து போய்த் திரும்பியது. பாதியில் தோள் பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினார்.

"மூட்டு தேஞ்சு போச்சு. இந்த மாசத்தோட எறியறதை விட்டுடணும்னு டாக்டர் சொல்லிட்டார். இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை ஒரு தட்டு அப்படிப் பறக்கறதைப் பார்த்துட்டேன்னா போதும் டீச்சர். அதுக்கப்புறம் கையைக் கட்டிப்போட்டுட்டு இருந்துக்கறேன்."

குரு எண்ணெய்த் துணியைக் கூடையில் போட்டார்.

"ஏழாவது மேட்டுல நின்னா கூடை தெரியுமாண்ணே?"

"தெரியாது. நடுவுல பாறை மறைக்கும்."

"அப்ப மூணு அடியில வந்து உக்காந்ததை யார் பார்த்தது?"

லூர்துசாமி பாறையைத் திரும்பிப் பார்த்தார்.

"சற்குணம்" என்றார்.

ஒன்பது வருடமாக அந்தப் பேரை அவர் வாயால் சொன்னதில்லை. அது இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதில் அவருக்கே ஆச்சரியம்.

"யார் அது?"

"டெய்லர். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கடை வச்சிருந்தான். என் வீட்டுக்காரி தவறின வருஷம் நான் வீட்டை விட்டு வெளிய வரல. அவன்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து கதவைத் தட்டி இங்க இழுத்துட்டு வருவான். தட்டும் அவன் குடுத்ததுதான். எஸ்டேட்ல தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர்கிட்ட கோட்டு தைச்சுக் குடுத்து வாங்கினான்."

"அவர் எறிய மாட்டாரா?"

"அவனுக்கு வராது. பாறைக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்குவான். நான் எறிவேன். அங்கேருந்து கத்துவான். 'மூணே அடிடா, லூர்து!' அந்தக் குரல் பாறையைச் சுத்திக்கிட்டு வரும் டீச்சர். கேட்டதும் ஓடுவேன். பார்த்தா தட்டு மூணு அடியில இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும்."

"ஒவ்வொரு ஞாயிறுமா?"

"தட்டு அப்படி" என்றார் லூர்துசாமி பெருமையாக. "அவன் பக்கத்துல நிப்பான், கையைத் துடைச்சுக்கிட்டு. கை பூரா எப்பவும் கீறல். கேட்டா, வீட்டுப் பூனை பிறாண்டிடுச்சும்பான். அந்தப் பூனைக்கு அப்படி ஒரு செல்லம்."

"பூனை என்ன நிறம்?"

"யாருக்குத் தெரியும்? நான் அவன் வீட்டுக்குப் போறப்பெல்லாம் அது வெளிய போயிருக்கும்."

எதைச் சொன்னால் எதைக் கேட்கிறார் என்று லூர்துசாமிக்கு எரிச்சல். குருவோ அடுத்த சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் போட்டி வந்துச்சு. முதமுதலா இங்க நடந்த போட்டி. நாப்பது பேர் வேடிக்கை. ஏழாவது மேட்டுல நான் எறிஞ்சேன். தட்டு அதேதான், கையும் அதேதான். பாறைக்கு அந்தப் பக்கம் இவன்தான். கூட ரெண்டு நடுவர். கத்துவான்னு நிக்கறேன். சத்தமே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு வந்துச்சு. 'புதர்ல கெடக்கு லூர்து.'"

அவர் ஒரு தட்டை எடுத்து அதன் விளிம்பைத் தடவினார்.

"ஒரு ஞாயிறு தவறாம மூணு அடியில விழுந்த தட்டு டீச்சர். எறியைக் கணக்குல எடுத்த ஒரே நாள், அம்பது அடி தள்ளி முள்ளு உண்ணிப் புதருக்குள்ள. எல்லாரும் சிரிச்சாங்க. நான் அவன் சட்டையைப் பிடிச்சேன். 'நீதான்டா தள்ளிவிட்டே. உனக்கு வராது, எனக்கு வருதுன்னு பொறாமை'ன்னேன். நாப்பது பேர் முன்னாடி."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒன்னும் சொல்லல. புதருக்குள்ள கையை விட்டுத் தட்டை எடுத்து நீட்டினான். நான் வாங்கல. அவனே எடுத்துட்டுப் போயிட்டான். இப்ப சேலத்துல மக வீட்டோட இருக்கானாம்."

லூர்துசாமி புல்லில் கிடந்த தட்டுகளைக் காலால் ஒதுக்கினார்.

"தட்டு அவன்கிட்ட இருக்கு. அதான் அது மாதிரி கெடைக்குமான்னு இந்தப் பதினொன்னு வாங்கினேன்" என்றார் லூர்துசாமி.

குரு பதினொன்றையும் பொறுக்கிப் பையில் போட்டார். பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாளையிலேருந்து நீங்க பாறைக்கு அந்தப் பக்கம் நில்லுங்கண்ணே. எறியறவங்களுக்கு எங்க விழுந்துச்சுன்னு கத்திச் சொல்லுங்க. விழுந்த தட்டைத் தொடக் கூடாது. ஏழு நாள்."

"எனக்கு இருக்கறதே பன்னெண்டு நாள்."

"அஞ்சு மிச்சமிருக்கும்" என்று சொல்லிவிட்டு குரு போய்விட்டார்.

முதல் நாள் லூர்துசாமி வேண்டா வெறுப்பாகப் போய் நின்றார்.

பாறைக்கு அந்தப் பக்கம் அவர் நின்றதே இல்லை. எறிவார், ஓடி வருவார், தட்டை எடுப்பார், போவார். நின்று பார்த்தால் அது வேறு இடமாக இருந்தது. எறிகிறவர் தெரியவில்லை. ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு வெறும் வானம். திடீரென்று பாறைத் தலைக்கு மேலே ஒரு தட்டு வரும்.

அவர் தன் தட்டை முதுகுப் பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறார், போகும்போது. சற்குணம் அதன் முகத்தைப் பார்த்திருக்கிறான், வரும்போது. இத்தனை வருடத்தில் இது அவருக்குத் தோன்றியதே இல்லை.

"இருபது அடி, இடப்பக்கம்" என்று கத்தினார். "புதர்ல போச்சு." "நாப்பது அடி." "மறுபடி புதர்."

மூன்று நாளில் எண்பது தட்டுகளாவது வந்திருக்கும். மூன்று அடியில் ஒன்றுகூட உட்காரவில்லை. நன்றாக எறிகிறவர்கள் எறிந்ததுகூட உட்காரவில்லை.

"பார்த்தீங்களா? எல்லாம் இந்தக் காலத்துத் தட்டு" என்றார் குருவிடம்.

குரு பாறை மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளையை இவருக்கும் கொடுத்தார்.

ரெஜினா தினமும் காலையில் வந்தாள். பள்ளி விடுதி ஒன்றில் சமையல்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். மார்பில் அறுவை சிகிச்சை ஆகி எட்டு மாதம் வலது கையைத் தூக்காமலே இருந்தவள். தூக்கிப் பழகாவிட்டால் இனி எப்போதும் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் எறியும்போது பாறைக்கு இந்தப் பக்கம் நின்ற லூர்துசாமிவரைக்கும் முனகல் கேட்கும்.

தட்டு ஒவ்வொரு முறையும் புதருக்குத்தான் போனது. அவள் இறங்கி வருவாள். புதரைப் பார்ப்பாள். ஒரு குச்சியால் தட்டை இழுத்து எடுத்துக்கொண்டு மேலே போவாள்.

ஐந்தாம் நாள் அவள் மேட்டுக்குப் போகுமுன் லூர்துசாமியிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, இன்னிக்கும் புதர்தான்னா இதோட விட்டுடறேன். வலி உயிர் போகுது. யாருக்காக இதெல்லாம்?"

அவர் மனைவி இறந்த வருடம் அவரும் இதே கேள்வியைச் சற்குணத்திடம் கேட்டிருக்கிறார்.

"எறிங்கம்மா, பார்ப்போம்" என்றார்.

அவள் மேலே போனாள். முனகல் கேட்டது. பாறைக்கு மேலே நீலத் தட்டு ஒன்று வந்தது. தள்ளாடியது, வலப்பக்கம் சாய்ந்தது. லூர்துசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டார். திரும்பு, திரும்பிடு தாயே.

திரும்பவில்லை. உண்ணிப் புதரின் நடுவில் போய் விழுந்தது.

"எங்கண்ணே?" என்று மேலிருந்து குரல் வந்தது.

லூர்துசாமி புதரைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார்.

"அண்ணே? எங்க?"

அவர் ஓடினார். அறுபத்தொரு வயதில் அப்படி ஓடக் கூடாது. புதருக்குள் தோள்வரை கையை விட்டார். முள் கிழித்தது. தட்டை உருவி எடுத்தார், கூடையடிக்கு வந்தார், ஓர் ஆள் நீளம்கூட இல்லாத தூரத்தில் புல் மேல் வைத்தார். லேசாகத் திருப்பி வைத்தார், தானாக வந்து உட்கார்ந்த மாதிரி.

பிறகு நிமிர்ந்து, மூச்சு வாங்க, பாறையைப் பார்த்துக் கத்தினார்.

"மூணே அடி!"

அது அவர் குரலாக இல்லை. அதே இழுப்பு, முடிவில் அதே துள்ளல். பாறையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

அந்தப் பக்கம் ரெஜினா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அழுதுகொண்டே, சரிவில் ஓடிவருகிற காலடி கேட்டது.

லூர்துசாமிக்கு அந்தக் காலடிச் சத்தம் தெரியும். அது அவருடையது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் இப்படித்தான் ஓடி வந்தார். இங்கே நின்றவனுக்கு இது இப்படித்தான் கேட்டிருக்கும்.

அவர் கூடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

ரெஜினா தட்டைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே பாதத்தால் அளந்தாள். கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். அது வலது கை என்பதை அவளே கவனிக்கவில்லை.

"எப்படி வந்துச்சுண்ணே?"

"மேல வந்து வலப்பக்கம் சாஞ்சுது" என்றார் லூர்துசாமி. "போச்சுன்னு நெனச்சேன். அங்கயே நின்னுச்சு, யோசிக்கிற மாதிரி. அப்புறம் மனசு மாறித் திரும்பிச்சு."

அவள் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

"ஐயோ, என்னண்ணே இது, கை பூரா ரத்தம்?"

அவர் கையைச் சட்டையில் துடைத்தார்.

"பூனை பிறாண்டிடுச்சும்மா" என்றார்.

சொல்லிவிட்டுக் கூடையடியில் உட்கார்ந்துவிட்டார்.

பாறை மேல் குரு ஆரஞ்சுத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"பதினொன்னே காலுக்கு சேலம் பஸ் இருக்குண்ணே" என்றார்.