கால் உடைந்தாலும் சீட்டு உண்டு

எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கல்லூரியில் சேர வாக்குக் கேட்கிற ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? எங்கள் ஊர் கபடித் திடலுக்கு அப்படி ஒருவர் காரில் வந்தார். பெரிய கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் தணிகாசலம். ஊரே பார்த்திருக்க, செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர் மகள், கபடியில் கெட்டிக்காரி அஞ்சலையைக் கூப்பிட்டார்.

"பிளஸ் டூ முடிச்சதும் எங்க காலேஜ்லதான் சேருவேன்னு இப்பவே வாக்குக் குடு. வேற யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. சீட்டு, ஹாஸ்டல் எல்லாம் இலவசம். இது என் வாக்கு!"

இவருடைய இதே வாக்கை நம்பித்தான் பக்கத்துத் தெருக் கபடிக்காரி ராக்காயி மற்ற கல்லூரிகளை வேண்டாமென்றாள். முழங்காலில் அடிபட்டதும் அவளுக்குச் சீட்டே இல்லையென்று சொல்லிவிட்டார்கள்.

அஞ்சலை சிரித்தாள். "தாரேன் சார். ஆனா இது கபடித் திடலு. இங்க எதையும் மூச்சு விடாமப் பாடணும். 'கால் உடைஞ்சாலும் சீட்டு உண்டு'ன்னு பாடிக்கிட்டே அந்தக் கோட்டைத் தொட்டுட்டு வாங்க. உடனே நானும் வாக்குத் தாரேன்."

"பூ, இவ்வளவுதானா!" என்று பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். "கால் உடைஞ்சாலும்..." என்பது வரை கணீரென்று வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ராக்காயி கம்பு ஊன்றி நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் மனிதருக்கு வாய் அடைத்துவிட்டது.

நடுவர் விசில் ஊதினார். "பாட்டு நின்னுபோச்சு. சார் அவுட்டு!"

இடுப்பில் இருந்த கைப்பிள்ளைகள்கூடச் சிரித்தன. அவர் வியர்வையைத் துடைத்தார்.

அஞ்சலை ஸ்கோர் எழுதும் தாளைத் திருப்பி, பேனாவோடு நீட்டினாள்.

"என் பேச்சு நான் பிளஸ் டூ முடிச்சப்புறம் சார். இப்ப ராக்காயி அக்கா சீட்டை இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."