எருமைக்கு வெட்டிய குளம்

சித்திரை வெயிலில் காட்டுக் குளம் வறண்டு, பாளம் பாளமாக வெடித்துவிட்டது. கருப்பாயி என்ற எருமை அப்போது நிறைமாதச் சினை. எருமைக்கு உடம்புச் சூடு தாங்காது. தினமும் தண்ணீரில் அமிழ்ந்து கிடக்க வேண்டும். போன வருஷம் இதே வெயிலில் அவள் கன்று செத்துப் பிறந்தது. இதையாவது காப்பாற்ற வேண்டுமே என்று தவித்தாள்.

அவள் படுக்கிற வேப்பமரத்துக்குப் பின்னால் ஓர் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. அதைத் தேக்க ஒரு சின்னக் குளம் இருந்தால் போதும்.

மோப்பம் பிடித்து வந்தான் நரி நல்லமுத்து. கொல்லையில் குளம் போட்டுத் தருகிறேன் என்று காடு முழுக்கத் திரிகிற ஆள் அவன்!

"அக்கா, குளம் மூணு வகை!" என்று ஆரம்பித்தான். "பள்ளம் தோண்டி, உள்ளே தேக்கிலையைத் தச்சு விரிச்சா இலைக்குளம். ஒரே நாள் வேலை! குடைஞ்ச பாறையைக் கொண்டாந்து பதிச்சா கல்தொட்டி. அதுவும் ஒரே நாள்! களிமண்ணை மிதிச்சுப் பூசுறது மூணாவது. பத்து நாள் இழுக்கும். அந்தப் பேச்சே வேணாம்!"

"எனக்கு எது சரியா வரும் தம்பி?"

"இலைக்குளம்தான்! தவளைங்க எல்லாம் அதுலதான் குளிக்குதுங்க. ஒரு குத்தம் சொன்னதில்லே! பதிலுக்கு இந்த வேப்ப நிழலை எனக்கு விட்டுடு, போதும்."

தண்ணீர் கிடைத்தால் நிழல் எதற்கு என்று அவளும் தலையாட்டிவிட்டாள். பாவி, வேலை தொடங்கும் முன்பே நிழலில் கால் நீட்டிப் படுத்துவிட்டான்! பள்ளத்தைக்கூட அவளே கொம்பால் தோண்டினாள், அந்த வயிற்றோடு!

மறுநாள் இலை விரித்தாயிற்று, தண்ணீர் தளும்பியது. கருப்பாயி ஆசையாக முன்னங்காலை வைத்தாள். டர்! இலை கிழிந்தது. தண்ணீர் முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது.

"ஐயையோ! என்னடா இது?"

"உன் குளம்பு அப்படி! யாரு உன்னை அழுத்தி மிதிக்கச் சொன்னது?"

கேட்டீர்களா அநியாயத்தை! எருமை குளத்தில் இறங்காமல் பறந்தா போகும்?

அடுத்தது கல்தொட்டி. காட்டுப்பன்றிகளை ஏவி உருட்டிக்கொண்டு வந்து, பள்ளத்துக்குப் பக்கத்தில் பதித்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை, அது உண்மைதான். ஆனால் அது முயல் குளிக்கிற அளவு! கருப்பாயியின் முன்னங்கால்கள் இறங்கின. வயிறு விளிம்பில் சிக்கிக்கொண்டது. முக்கி முனகி வெளியே வந்தாள்.

"வயிறு பெருசா இருக்கே அக்கா! கொஞ்சம் இளைச்சுட்டு வா!" என்றான் நரி.

நிறைமாதக்காரியிடம் பேசுகிற பேச்சா இது? சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது! இப்போது அவளுக்குத் தண்ணீரும் இல்லை, நிழலும் இல்லை. தோல் வெடித்தது. அன்று மதியம் கன்று வயிற்றில் அசையவே இல்லை. அவள் வெயிலில் நின்று அழுதாள்.

ஊற்றங்கரை வளையிலிருந்து பொன்னி என்ற நண்டு வெளியே வந்தாள்.

"ஏ கருப்பாயி, அழுகையை நிறுத்துடி! குளிக்கப்போறது எருமைன்னு அந்தப் பய ஒரு தடவையாவது நெனச்சானா? நீயாவது உன் எடையை, உன் காலை எடுத்துச் சொன்னியா?"

"சொல்லலியே அக்கா..."

"களிமண்ணுக்கு உன் கால்தான்டி வேணும்! நீ மிதிக்க மிதிக்க அது இறுகும். நான் வரப்புல ஓட்டை போட்டே பொழைக்கிறவ. என் கொடுக்கு இறங்காத மண்ணுல தண்ணியும் இறங்காது!"

கருப்பாயி ஈரக் களிமண்ணைப் பள்ளத்தில் தள்ளி மிதித்தாள். மேலெல்லாம் சேறு அப்பியதில் சூடு கொஞ்சம் தணிந்தது. சாயங்காலம் ஆனால் பொன்னி கொடுக்கால் குத்திப் பார்ப்பாள். "இங்கே இறங்குது! இன்னும் மிதி!" பத்தாம் நாள் கொடுக்கு எங்கேயும் இறங்கவில்லை. ஊற்றைத் திருப்பி விட்டார்கள், குளம் நிறைந்தது. கருப்பாயி கழுத்து வரை அமிழ்ந்தாள். வயிற்றில் கன்று ஓங்கி உதைத்தது!

நரி ஓடி வந்தான். "பாத்தியா அக்கா! களிமண் குளம்னு முதல்ல சொன்னதே நான்தான்!"

கருப்பாயிக்கு வந்ததே கோபம்!

"சொன்னே! அந்தப் பேச்சே வேணாம்னும் சொன்னே! இலை கிழிஞ்சா என் கால் குத்தம், தொட்டி பத்தலைன்னா என் வயிறு குத்தம். உன்மேல மட்டும் ஒரு குத்தமும் இல்லே, அப்படித்தானே? என் பிள்ளை உசுரு போயிருந்தா அதையும் என் தலையிலதானேடா கட்டியிருப்பே! போடா இந்த இடத்தை விட்டு!"

கொம்பைத் தாழ்த்திக்கொண்டு அவள் கரையேறினாள். நல்லமுத்து எடுத்தான் ஓட்டம்!

மூன்றாம் நாள் காலையில் குளத்தங்கரையில் கன்று பிறந்தது. தள்ளாடி எழுந்து நின்று, அம்மாவின் மடியை முட்டியது.

யாருக்குச் செய்கிறோம் என்று கேட்காமல் செய்துவிட்டு, கெட்டுப்போனதும் அவர்கள் மேலேயே பழி போடுகிறவனை ஒருநாளும் நம்பி வேலை கொடுக்காதீர்கள்.