தாளும் தெருவும் ஒத்துப்போன கதை

கருங்காலிப்பேரியில் ஒத்தப்பனைத் தெரு என்று ஒரு தெரு. பனை எங்கே என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். ஒரு மத்தியானம் வீணாய்ப் போனது.

தெருவில் குடிதண்ணீர் கிடையாது. ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பொதுக்குழாய். அங்கே போய்த்தான் பிடிக்க வேண்டும். செவத்தம்மாளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. குடத்தை இறக்கி வைக்கும்போதெல்லாம் தெருச் சங்கத்தைத் திட்டுவாள். சங்கம் என்றால் மூன்று பேர். மாவு மில் மாசானமுத்து தலைவர். பஞ்சர் கடை பிச்சைக்கனி செயலாளர். ஞானதிரவியம் பொருளாளர். அவருக்கு வேறு வேலை கிடையாது. அந்த வேலையும் என்னவென்று அவருக்குத் தெரியாது.

திட்டு தாங்காமல் மூவரும் பேரூராட்சிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி கேட்டார்கள்.

இன்ஜினியர் அம்மா பொறுமைசாலி. "ஊர்க்கணக்கு வேண்டாம். உங்க தெரு அளவுக்கு மக்கள்தொகைக் கணக்கு வாங்கிட்டு வாங்க. நான் நேர்ல வந்து பார்ப்பேன். தாளும் தெருவும் ஒத்துப்போகணும். இல்லேன்னா பைல் நகராது."

ஒத்துப்போகணும் என்ற சொல்லை மாசானமுத்து மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

மாவட்ட ஆபீசில் கணக்குப் பிரிவு எழுத்தர் சொன்னார்: "ஊருக்கு இருக்கு, வார்டுக்கு இருக்கு. தெருவுக்குன்னு தனியா கிடையாது. வார்டைத் துண்டு துண்டாப் பிரிச்சு எண்ணியிருக்காங்க. உங்க தெரு எந்தத் துண்டுன்னு இந்தப் படத்துல காட்டுங்க."

பிச்சைக்கனி மூக்கு இடிக்கிற மாதிரி படத்தைப் பார்த்தார்.

"எங்க வீட்டைக் காணோம் சார்."

"படத்துல கோடுதான்யா தெரியும்."

"வாசல்ல சைக்கிளை விட்டுட்டு வந்தேன். அதையும் காணோம். அண்ணாச்சி, களவு போயிட்டு!"

ஓடப் பார்த்தவரை மற்ற இருவரும் பிடித்து உட்கார வைத்தார்கள். எழுத்தர் அவராகவே துண்டைக் கண்டுபிடித்து, ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார். "பழைய கணக்குதான். ஆனா புதுசு வர்ற வரைக்கும் இதுதான் செல்லும்."

ஞானதிரவியம் தாளை மடித்துப் பையில் வைத்தார். கடைசி வரியில் பாதி மடிப்புக்குள் போய்விட்டது. அது பிறகு வரும்.

மில்லில் கூட்டம் போட்டார்கள்.

"ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகள்னு போட்டிருக்கு. யாரு வே அது?" என்றார் மாசானமுத்து.

"செல்லத்துரை ஒருத்தன்," என்றார் பிச்சைக்கனி. "எண்ண வந்தப்போ கால்சட்டை இல்லாமத் திரிஞ்சான்."

"இப்ப அவன் மினி பஸ் ஓட்டுதானே. மீசை இருக்கே?"

"தாள்ல மீசைக்குக் கட்டம் இல்லை அண்ணாச்சி."

மறுநாள் செல்லத்துரையைப் பால்வாடியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். முதலில் முறைத்தான். முட்டை கொடுத்தார்கள். தின்றான். பாயில் படுத்துத் தூங்கியும்விட்டான். ஸ்டாண்டில் மினி பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வரை நின்றது.

அடுத்தது கந்தையா.

"அவரு செத்துட்டாரே?" என்றார் ஞானதிரவியம்.

"செத்தது அவரோட சொந்த விஷயம். கணக்குல உயிரோட இருக்காரு," என்றார் மாசானமுத்து.

போட்டோவிலிருந்து மாலையைக் கழற்றினார்கள். கந்தையா சம்சாரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அந்த மனுசனுக்கும் சோறு பொங்கணுமா?"

"ஒரு இலை போடும் மதினி. கணக்குக்குத்தான்."

போட்டாள். ஞானதிரவியம் உட்கார்ந்து சாப்பிட்டார். பொருளாளர் வேலை இதுதான் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

கணக்குக்குப் பிறகு கட்டிய வீடுகளைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பட்டப்பகலில் உள்ளே லைட் போட்டுக்கொண்டு இருந்தார்கள். பிச்சைக்கனி வீட்டுப் பிள்ளைகள் அத்தனையும் கணக்குக்குப் பிறகு பிறந்தவை. "இல்லாத பிள்ளைகளுக்கு எதுக்கு இத்தனை தோசை?" என்று பெண்டாட்டியிடம் கேட்டார். அவள் தோசைக்கரண்டியோடு திரும்பினாள். பிள்ளைகள் உடனே பிறந்துவிட்டன.

மிச்சம் ஒரு வரி. குடிநீர்: கிணறு.

தெருவில் கிணறு இல்லை. அந்தக் காலத்தில் ரயில் கேட்டுக்கு அப்பால் ஒரு கிணற்றில் இறைத்தார்கள். அது எப்போதோ மண் மூடிப் போயிற்று. இதை யாரும் யோசிக்கவில்லை. "கிணறுன்னா கிணறுதான்" என்றார் மாசானமுத்து. தெரு நடுவில் கடப்பாரை போட்டார்கள். ஆளுக்கு ஆள் தோண்டினார்கள்.

தண்ணீர் வந்தது. இளநீர் மாதிரித் தண்ணீர்.

செவத்தம்மாள் ஒரு வாய் குடித்தாள். முதல் தடவையாகச் சங்கத்தைத் திட்டாமல் வீட்டுக்குப் போனாள். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். புத்தி உள்ளவர்கள் முடித்திருப்பார்கள்.

ஞானதிரவியம் தாளை முழுசாக விரித்தார். மடிப்புக்குள் இருந்தது வெளியே வந்தது. குடிநீர்: கிணறு. இருக்கும் இடம்: தொலைவில்.

மூவரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"மூடிருவோமா?" என்றார் பிச்சைக்கனி.

"கிணறும் தாள்ல இருக்கே வே. மூடினா அது தப்பாயிரும்."

"அப்ப தள்ளி வைப்போம்."

மூவரும் கிணற்றைச் சுற்றி நின்று கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்தார்கள். நகரவில்லை. கடைசியில் மாசானமுத்துவுக்குத்தான் யோசனை வந்தது. எல்லாரும் குடத்தோடு ரயில் கேட் வரை நடந்து, கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து கிணற்றில் இறைக்க வேண்டியது.

"ஏ மாசானம், என் முட்டி?" என்றாள் செவத்தம்மாள்.

"பொறுத்துக்கோ யக்கா. பைல் நகரணும்லா."

இன்ஜினியர் அம்மா வந்தார். தார்ப்பாயைப் பார்த்தார். பால்வாடியில் மீசையைப் பார்த்தார். கிணற்றையும் பார்த்தார். காலிக் குடத்தோடு விந்தி விந்திப் போகிற செவத்தம்மாளை நிறுத்தினார்.

"பாட்டி, கிணறு இங்கேதானே இருக்கு? எங்கே போறீங்க?"

"தொலைவுக்கு."

அந்த அம்மா வெயிலில் நின்று தாளையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். வாதாடத் தெம்பில்லை. தொட்டிக்குக் கையெழுத்துப் போட்டார். "எங்கே வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

"ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம்மா," என்றார் மாசானமுத்து. "தொலைவில்னு போட்டிருக்கே. பொய் சொல்லப்படாதுல்லா?"

வைத்துவிட்டார்கள். பழைய குழாய்க்குப் பக்கத்திலேயே.

செவத்தம்மாள் அன்றைக்குத் திட்டினதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்து, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போய், தொட்டிக்குப் பக்கத்தில் குடிசை போட்டுக் குடியேறினாள். கையை நீட்டினால் குழாய். முட்டிக்கு விடிவுகாலம்.

மறுநாள் பிச்சைக்கனி தாளோடு போய் நின்றார்.

"யக்கா, நீ இங்க இருந்தாலும் கணக்குல எங்க தெருதான். கிணறு, தொலைவில். இது தொட்டி. பக்கத்துல வேற இருக்கு."

செவத்தம்மாள் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். யோசித்தாள். தெருக் கிணறு இப்போது அவளுக்குத் தொலைவில் இருந்தது. அதுவும் கிணறு. தெரு முழுக்கத் தேடினாலும் தாள் அவ்வளவு சுத்தமாக வேறு யாருக்கும் ஒத்துப்போனதில்லை. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குடத்தை எடுத்தாள்.

இப்போது தினமும் காலையில் தெரு ஜனம், தொலைவாவது ஒத்துப்போகட்டும் என்று, தொட்டிக்குப் போகிறது. செவத்தம்மாள் கிணற்றுக்கு வருகிறாள். ரயில் வந்து கேட் போட்டால் இரண்டு பக்கமும் குடத்தோடு நிற்கிறார்கள்.

"யக்கா, முட்டி எப்படி இருக்கு?" என்று மாசானமுத்து இந்தப் பக்கமிருந்து கத்துகிறார்.

"அது கெடக்கு. எனக்குத்தான் முழுசா ஒத்துப்போகுது. உங்களுக்கு?"

"எங்களுக்குப் பாதிதான் யக்கா," என்கிறார் மாசானமுத்து, பொறாமையோடு.