ராசா பல்லிடுக்குல இருந்த ஊரு

மொதக் கவளத்த வாங்கிக்க, அப்பத்தான் கதை நகரும். ம்... ஒரே ஒரு நாட்டுல வெள்ளியப்ப ராசான்னு ஒரு வயசான ராசா இருந்தாரு. அவரு அரமனை அடுப்படியில சமைக்கிறவ பேரு ஒச்சாயி. அவளுக்குச் சொந்த ஊரு கடையல். ராசாவோட கம்மாயில இருந்து தண்ணி போற அஞ்சு ஊருல அதுதான் கடைசி ஊரு.

அந்த நாட்டுல ஒரு வழக்கம். கம்மா நெறஞ்சதும் ராசா கரைமேல ஏறி நின்னு, எந்த ஊருக்கு மொதத் தண்ணி, எந்த ஊருக்கு அடுத்ததுன்னு அஞ்சு ஊரையும் வரிசையாச் சொல்லணும். எழுதி வச்சுப் படிக்கக் கூடாது, பக்கத்துல நிக்கிறவங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. சொல்லாம விட்ட ஊருக்கு அந்த வருசம் பொட்டுத் தண்ணி கெடையாது. மூணு வருசம் தொடர்ந்து விட்டுட்டா ராசா எறங்கிரணும், அவரு மச்சினன் ஏறிக்கலாம். இதென்ன கிறுக்கு வழக்கம்ங்கிறியா? எங்கிட்டக் கேட்டா? அந்த ராசாகிட்டப் போயிக் கேளு.

ராசா நாப்பது வருசமாத் தப்பே விட்டதில்ல. எப்பிடின்னா, அஞ்சு ஊரும் அவரு சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒண்ணு அனுப்பும். ராசா அடுப்படியிலயே எல்லாரோடயும் சம்மணம் போட்டு ஒக்காருவாரு, ஒச்சாயி தண்ணி போற வரிசையிலயே எலையில வைப்பா. "இது ஆலடி முருங்கக்கீரை ராசா, இது நெடுவயல் கேப்பைக்களி, இது மாவூத்து அயிர மீனு, இது செம்பாறை எள்ளுத் தொவையலு, இது எங்க கடையல் கொள்ளு ரசம்"னு தெனமும் சொல்லிக்கிட்டே வைப்பா. ராசாவும் "ஒங்க ஊரு கொள்ளு பல்லுல மாட்டுது தாயி"ன்னு தெனமும் கொறை சொல்லிக்கிட்டே ரெண்டு வாட்டி வாங்கிக் குடிப்பாரு.

ராணியோட தம்பி ஒருத்தன் இருந்தான், குமரய்யான்னு. அவனுக்கு நாக்காலி மேல ஒரு கண்ணு, கடையல் தண்ணியத் தன் தென்னந்தோப்புக்குத் திருப்பிரணும்னு அது மேல இன்னொரு கண்ணு. அவன் வந்து, "மச்சான், ராசா திங்கிற சோறா இது? களியும் கொள்ளும்! நீங்க மெத்தையில சாஞ்சுக்கிட்டுத் தனியா, தித்திப்பாச் சாப்பிடணும்"னான். அன்னையில இருந்து காலையில அல்வா, மத்தியானம் அதிரசம், சாயங்காலம் பூந்தி. ராசா வேண்டாம்னாரா? அதெப்பிடிச் சொல்லுவாரு, அவருக்கும் நாக்கு இருக்குல்ல!

அப்பறம் என்னாச்சு, தின்னாரு, தூங்குனாரு, மறுபடி தின்னாரு. பேச்சுத் தொணைக்கும் ஆளில்ல. புத்தி மந்தமாயிருச்சு. ஒச்சாயியப் பாத்து "நீ யாரும்மா?"ன்னாரு. மொத வருசம் கரையில நின்னு மாவூத்த விட்டுட்டாரு. மறுவருசம் கடையல விட்டுட்டாரு. கடையலு காஞ்சு போச்சு. ஒச்சாயியோட அண்ணன் மாட்ட ஓட்டிக்கிட்டுப் பொண்டாட்டி புள்ளையோட ஊரை விட்டே போயிட்டான். அவ அடுப்படி மூலையில ஒக்காந்து வாய்விட்டு அழுதா. இன்னொரு வருசம் தப்புனா ஊரே இல்லாமப் போயிரும்.

அழுதுட்டு மூக்கச் சிந்திக்கிட்டு ராசாகிட்டப் போனா. "ராசா, இந்த அல்வாவ விடுங்க, பழையபடி சாப்பிடுங்க."

"அட போ தாயி, வயசானா மறக்கத்தான் செய்யும்"னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

சரி, இவருகிட்டப் பேசி ஆகாதுன்னு, தலையச் சொறிஞ்சுக்கிட்டு ஒண்ணுந் தெரியாதவ மாதிரி குமரய்யாகிட்டப் போனா. "அய்யா, இந்தப் பெரிய அண்டா அல்வா ராசாவுக்கு மட்டுந்தான். நீங்க இன்னும் ராசா ஆகலைல்ல, ஒங்களுக்குக் களிதான்"னா. அவனுக்கு வந்துச்சே கோவம்! "யாருக்குடி களி? நாளைக்கி ராசா நாந்தான். அதெல்லாம் இங்க கொண்டா, கெழவருக்கு நீங்க திங்கிறதப் போடு"ன்னான்.

ஒச்சாயிக்கு வேண்டியதும் அதுதானே!

ராசா மொத மாசம் பூராம் மொகத்தச் சுளிச்சாரு. ஒண்ணும் மாறல, கீரை என்ன மந்திரமா? அவ விடல. அடுப்படிக்கே நடத்திக் கூட்டியாந்து, எல்லாரோடயும் ஒக்கார வச்சு, ஊரு பேரச் சொல்லிச் சொல்லி வச்சா. ரெண்டாவது மாசம் "ஒச்சாயி"ன்னு வாய் நெறயக் கூப்பிட்டாரு. மூணாவது மாசம் ரசத்துல உப்பு கம்மின்னு சண்டைக்கே வந்துட்டாரு. அவ சந்தோசத்துல கண்ணத் தொடச்சுக்கிட்டா. நீ என்னடா, கீரைய மட்டும் ஓரமா ஒதுக்குற? தெரியும் எனக்கு. வாயத் தொற.

கம்மா நெறஞ்சுச்சு. ராசா கரையில ஏறுனாரு. குமரய்யா அல்வா ஏப்பம் விட்டுக்கிட்டுப் பக்கத்துல நின்னான். "ஆலடி... நெடுவயலு... மாவூத்து... செம்பாறை..." அவ்வளவுதான், நின்னுட்டாரு. ஒச்சாயி சேலைத் தலைப்ப வாயில கவ்விக்கிட்டா. எடுத்துச் சொன்னா முறை கெட்டுப்போகும், சொல்லலைன்னா ஊரு கெட்டுப்போகும்.

"எறங்குங்க மச்சான், வயசாச்சு"ன்னான் குமரய்யா.

ராசா யோசிச்சுக்கிட்டே நாக்கால பல்லத் தொழாவுனாரு. கடவாப்பல்லு இடுக்குல என்னமோ தட்டுப்பட்டுச்சு. கொள்ளுத் தோலு! "அட, தெனமும் மாட்டுற சனியன்! கடையலு! அஞ்சாவது தண்ணி கடையலுக்கு!"ன்னு கத்துனாரு பாரு, கரையில இருந்த கொக்கெல்லாம் பறந்துருச்சு.

"தப்பு! வரிசை அது இல்ல!"ன்னு குமரய்யா குதிச்சான்.

"அப்ப நீ சொல்லு மாப்ள."

அவன் முழிச்சான், மறுபடி முழிச்சான், மூணாவது வாட்டியும் முழிச்சுட்டு, "மொதல்ல... அல்வா... அப்பறம்... அதிரசம்... பூந்தி..."ன்னான். கரையே சிரிச்சுச்சு. அந்த மூணையுந் தவிர அந்த மண்டையில வேற என்ன இருந்துச்சு?

கடையலுக்குத் தண்ணி போச்சு. அண்ணன் மாட்டோட திரும்பி வந்தான். குமரய்யாவக் கடையலுக்கே அனுப்பிட்டாங்க. வாரா வாரம் கொள்ளு அடிச்சு, மூட்டையத் தலையில தூக்கிக்கிட்டு அரமனை வரைக்கும் நடந்தே கொண்டாந்து போடணும். வந்தா ஒச்சாயி சும்மா அனுப்ப மாட்டா. "ஒக்காருங்கய்யா"ன்னு எலையப் போட்டு அஞ்சையும் வரிசையா வைப்பா. பேரச் சொன்னாத்தான் அடுத்த கரண்டி விழும்.

கதையும் தீந்துச்சு, கிண்ணமும் தீந்துச்சு. எங்க, அந்த அஞ்சு ஊரையும் நீ சொல்லு பாப்போம்.