சாரலைத் துடைத்தவர்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடனைவிட நாலு வயதாவது கூட இருக்க வேண்டும் என்றெல்லாம் யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. தென்காசியில் ஒரு மருந்துக்கடை மாடியில், இரண்டு கம்ப்யூட்டரும் ஓயாமல் முனகுகிற ஒரு யூபிஎஸ்ஸும் வைத்துக்கொண்டு கல்யாண ஆல்பம் போட்டுக்கொடுத்த ரஹ்மத்துக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் தொழில் படிக்க வந்த கோமதிநாயகத்துக்கு ஐம்பத்து நாலு.

அவர் முன்பு நூற்பாலையில் இருந்தவர். ஓடுகிற நூலில் முடிச்சு எங்கே, தடிப்பு எங்கே என்று கண்டுபிடித்துக் கிள்ளி எறிவதுதான் வேலை. வேலையை விட்டு வந்த பிறகும் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. சுவரில் கீறல், சட்டையில் கறை, குழம்பில் உப்பு என்று வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. "ஏ யப்பா, எங்கயாவது போய் உக்காந்துட்டு வாங்க" என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் இந்த மாடிப்படி ஏறினார்.

உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மௌஸைப் பிடித்தால் விரல் துடித்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் தொழில் சீக்கிரம் பிடிபட்டது. பருவை எடுத்தார், கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தை எடுத்தார், பந்தியில் சிந்திக் கிடந்த ரசத்தைக்கூட எடுத்தார்.

ஒருநாள் கேட்டார். "டீச்சர், எதை எடுக்கணும், எதை விடணும்னு எப்படித் தெரிஞ்சுக்கிடது?"

"எடுத்துப் பாருங்க அண்ணாச்சி."

"தப்பா எடுத்துட்டா?"

"அப்பத் தெரியும்."

இது ஒரு பதிலா என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. பணம் கட்டிப் படிக்கிற இடத்தில் இப்படியா சொல்லித் தருவார்கள்?

ஆனி மாதத்துக் கல்யாணம் ஒன்று கைக்கு வந்தது. பெண்ணின் பெயர் குழல்மொழி. மலையடிவாரத்து முருகன் கோயிலில், நாலு பக்கமும் திறந்த முன்மண்டபத்தில் முகூர்த்தம். குற்றாலத்துச் சாரல் முகூர்த்த நேரம் பார்த்தா வரும்? காற்று அடிக்க அடிக்க, தூண்களுக்கு நடுவே பூப்பூவாக உள்ளே வந்து விழுந்திருக்கிறது. கேமராவின் ஃபிளாஷ் பட்டு ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளைப் பொட்டாகப் படத்தில் நின்றது.

"எல்லாத்தையும் எடுத்துருங்க அண்ணாச்சி" என்று குழல்மொழி ஃபோனில் சொல்லியிருந்தாள். "சின்னப் பிள்ளையில பச்சரிசி தின்னுருப்பா, அதான் கல்யாணத்துல மழைன்னு மாமியார் வீட்டுல இன்னும் கேலி பண்ணிக்கிட்டு இருக்காங்க. ஒரு துளிகூட இருக்கக் கூடாது."

இந்த மாதிரி வேலைக்குத்தானே கோமதிநாயகம் பிறந்ததே! கம்ப்யூட்டரில் புதிதாக வந்திருந்த மழை நீக்கும் வசதியை முதலில் ஓடவிட்டார். அது வெள்ளைப் பொட்டுகளையெல்லாம் வாரி விழுங்கியது. மிச்சம் மீதியைக் கையால் துடைத்தார். ஈரத் தரையைக் காய வைத்தார், ஓரத்தில் நனைந்து தெரிந்த துணியை உலர்த்தினார், சாம்பல் வானத்துக்கு நீலம் பூசினார். முடித்துவிட்டுப் பார்த்தபோது, இந்தக் கல்யாணம் நடந்த அன்று தென்காசி வட்டாரத்தில் மேகமே கிடையாது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம் போலிருந்தது.

ரஹ்மத் மதியத்து லுஹர் தொழுகையை முடித்துவிட்டு, வீட்டில் சாப்பிட்டு வரப் போயிருந்தாள். அவள் வந்து பார்த்த பிறகுதான் எதையும் அனுப்ப வேண்டும் என்பது அந்தக் கடையின் வழக்கம். கோமதிநாயகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், ஜன்னல் வரை போனார், வந்தார். தாலி கட்டுகிற படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் குழல்மொழிக்குத் தட்டிவிட்டார். பாராட்டு வரும் என்று ஃபோனை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஃபோன் வந்தது.

"அண்ணாச்சி, என்னது இது? ஒருத்தரும் அட்சதை போடலையே!"

"என்னம்மா சொல்லுத?"

"எல்லாரும் சும்மா கையத் தூக்கிக்கிட்டு நிக்காங்க. அரிசியவே காணும். ஆவுடை அண்ணன் கையிலயும் ஒண்ணுமில்ல." குரல் உடைந்தது. "அவன் போட்டானா, இல்லையா? நீங்க எடுத்துட்டீங்களா, இல்ல அவன் போடவே இல்லையா? சொல்லுங்க அண்ணாச்சி."

கோமதிநாயகம் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார்.

அவளே மடமடவென்று சொன்னாள். அவள் விரும்பிக் கட்டிய மாப்பிள்ளையை அண்ணன் ஆவுடையப்பனுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றவன் எப்படியோ வந்திருக்கிறான், ஆனால் மேடைப் பக்கம் வரவில்லை. நாளைக்கு அவன் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை மட்டும் யார் கையிலோ கொடுத்துவிட்டிருக்கிறான். கூடப்பிறந்தவளைக் கூப்பிடுகிறவன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு நேரில் வர வேண்டாமா? இது கூப்பிட்டதா, ஊருக்காகப் பேருக்குச் செய்ததா? போய் நின்று, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

"அவன் எனக்கு அரிசி போட்டிருந்தா நாளைக்குப் போவேன். இல்லன்னா அந்த வாசல மிதிக்க மாட்டேன். நான் அங்கயே வாரேன், எனக்குப் பழைய படத்தக் காட்டுங்க."

வைத்துவிட்டாள்.

கோமதிநாயகம் துடைக்காத படத்தைத் திறந்தார். அப்போதுதான் விளங்கியது. மஞ்சள் அரிசியும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளைப் பொட்டு, சாரல் துளியும் வெள்ளைப் பொட்டு. மழையை எடுக்கச் சொன்னார், கம்ப்யூட்டர் அரிசியையும் சேர்த்து எடுத்துவிட்டது. அதற்கென்ன தெரியும், அது கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறதா?

ஆவுடையப்பன் எங்கே? இதோ, மண்டபத்துக்கு வெளியே, படிக்கட்டில், தூண் ஓரமாக. வலது கை தூக்கியிருக்கிறது. விரல்கள் விரிந்திருக்கின்றன. விரல் நுனிக்கு மேலே வெள்ளைப் பொட்டுகள்.

பெரிதாக்கினார். பொட்டு பெரிதாயிற்று. இன்னும் பெரிதாக்கினார். அரிசியானால் நீளமாக இருக்கும், துளியானால் உருண்டையாக இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டார். சில பொட்டுகள் நீளமாக இருந்தன. ஆனால் காற்றில் சாய்ந்த துளியும் நீளந்தானே? இன்னும் பெரிதாக்கியபோது வெறும் சாம்பல் கட்டங்கள்தான் மிஞ்சின. அந்தக் கட்டங்களுக்குள் ஒரு பெண்ணின் பிறந்த வீடு மாட்டிக்கொண்டிருந்தது.

செய்த வேலையில் இத்தனை நாள் அவர் பார்த்ததெல்லாம் நூலும் பொட்டும்தான். இப்படி ஒருத்தி அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்ததே இல்லை.

ரஹ்மத் வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"டீச்சர், ஒரு யோசனை" என்றார். "மேடையில கேமராவுக்குக் கிட்ட நிக்கவங்க போட்ட அரிசி நல்லாத் தெரியுது. அதுல ஒரு கை எடுத்து அவன் கையில ஒட்டிருதேன். யாருக்கு என்ன குறைஞ்சுரும்? அண்ணன் தங்கச்சி ஒண்ணு சேந்துருவாங்க. புண்ணியம்."

"போடுங்க" என்றாள் ரஹ்மத்.

அவர் எதிர்பார்க்கவில்லை. உடனே சந்தோஷமாக வேலையில் இறங்கினார். மேடையில் ஒரு பெரியவர் வீசிய அரிசியை வெட்டி எடுத்து, திருப்பி, சாய்த்து, ஆவுடையப்பனின் விரல் நுனியிலிருந்து பறப்பதுபோல் வைத்தார். அசல் அரிசி தோற்றுப்போகும்.

"நல்லாருக்கு" என்றாள் ரஹ்மத். "இப்ப அந்தப் பிள்ள வந்து, இது எங்க அண்ணன் போட்டதான்னு கேப்பா. என்ன சொல்லுவீங்க?"

"ஆமான்னுதான்."

"யாரு போட்டது?"

கோமதிநாயகத்தின் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. பிறகு ஒவ்வொரு அரிசியாக அழித்தார்.

"அப்ப நான் என்னதான் செய்ய, டீச்சர்? அது அரிசியா மழையா, உங்களுக்காவது தெரியுதா?"

"தெரியல."

"நீங்க இத்தன வருசமா பாக்கீங்க!"

"எத்தன வருசம் பாத்தாலும் அந்தப் பொட்டுல அவ்வளவுதான் இருக்கு, அண்ணாச்சி."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குழல்மொழி வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காட்டுங்க அக்கா."

ரஹ்மத் கண் காட்ட, கோமதிநாயகம் துடைக்காத படத்தைத் திறந்து, அந்தக் கையைத் திரை நிறையப் பெரிதாக்கி வைத்தார்.

குழல்மொழி குனிந்து பார்த்தாள். "இதுவா?" என்று ஒரு பொட்டைத் தொட்டாள். "இது அரிசிதானே அண்ணாச்சி? இந்தா, இதுவும் அரிசி மாதிரி இருக்கு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவர் தொண்டை வரை வந்துவிட்டது. வெளியே வந்தால் இவள் சிரிப்பாள், நாளைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவாள். மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "அரிசியா இருக்கலாம். துளியாவும் இருக்கலாம். நானும் எவ்வளவோ பாத்துட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். முகம் விழுந்துவிட்டது.

"அப்ப அத்தை சொன்னதுதான் சரி. அவன் சித்தப்பா கூட கார்ல வந்து, தாலி கட்டுத நேரத்துக்கு எறங்கி, ஊருக்காகத் தலையக் காட்டிட்டு ஏறிப் போயிட்டான்னு சொன்னாங்க. நான்தான் நம்பாம..." சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கெதுக்கு அக்கா அவன் வீட்டுக் காதுகுத்து? நான் வாரேன்."

கோமதிநாயகத்துக்குத் தாங்கவில்லை. "டீச்சர், ஏதாவது சொல்லுங்களேன்!" என்று கத்தியேவிட்டார்.

ரஹ்மத் அவர் கையிலிருந்து மௌஸை வாங்கினாள். திரையை நிறைத்திருந்த விரல்களைச் சிறிதாக்கினாள். கை தெரிந்தது. தோள் தெரிந்தது. இன்னும் பின்னால் தள்ளினாள். ஆவுடையப்பன் முழு ஆளாகப் படிக்கட்டில் நின்றான். கூரைக்குக் கீழே நின்றவர்களின் வேட்டி சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவன் சட்டை மட்டும் மார்போடு ஒட்டி, உள்பனியன் வரை தெரிந்தது. வேட்டி தொடையில் சுற்றிக் கிடந்தது. முடி நெற்றியில் வழிந்து கண்ணை மறைத்தது.

போகத் திரும்பிய குழல்மொழி வாசலிலேயே நின்று திரும்பிப் பார்த்தாள்.

ரஹ்மத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"நீயும் இந்த ஊர்க்காரிதானே, தங்கச்சி. நம்ம சாரல்ல ஒரு சட்டை இப்படி நனையணும்னா, ஒரு மனுசன் எவ்வளவு நேரம் அதுல நிக்கணும்?"